மரச் சொரூபத்தின் தோள்மூட்டு

கைகளை விரித்து நிற்கும் மனித உருவத்தை ஒரே மரக்கட்டையில் செதுக்கி எடுப்பதென்றால், அந்தக் கட்டையின் அகலம் உருவத்தின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். மனிதன் கைவிரித்து நின்றால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரையுள்ள தூரம் அவன் உயரத்தை ஒட்டியே வரும். ஐந்தரை அடிச் சிலுவைநாதருக்கு ஐந்தரை அடிக் குறுக்களவுள்ள மரம் தேவை. அப்படியொரு மரம் கிடைத்தாலும் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிராயாகக் கீழே விழும். இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் சிலாபம், மாரவில, வென்னப்புவ எனத் தெற்கே நீளும் கத்தோலிக்கக் கரையிலும், முன்னேஸ்வரம், உடப்பு ஆகிய ஊர்களின் கோயில் வாகனக் கொட்டகைகளிலும், வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டிலும் மரத்தில் உருவம் செய்யும் எவரும் முதலில் சந்திக்கும் கணக்கு இது. உடல் ஒரு கட்டை, கைகள் வேறு கட்டைகள், பல வேளை பாதமும் விரல்களும் இன்னும் வேறு துண்டுகள் என்று பிரித்துச் செதுக்கிப் பின்னர் பொருத்துவதே வழக்கம்.

மரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைப்பது பாதிதான் சரி. எவ்வளவு பெரிய மரம் கிடைத்தாலும் கைதேர்ந்த தச்சர் நீட்டிய கையைத் தனியாகவே செதுக்குவார். அதன் காரணம் மரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது.

மரம் என்பது நெடுக்குவாக்கில் அடுக்கிக் கட்டிய கோடிக்கணக்கான நுண்குழாய்கள். வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவதற்காக வளர்ந்த குழாய்கள் அவை. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் செலுலோஸ் இழைகள் பெரும்பாலும் குழாயின் நீளத்தை ஒட்டியே சுற்றப்பட்டிருக்கின்றன. குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பது லிக்னின் என்னும் பொருள். ஆகவே நார்ப்போக்கின் வழியே இழுத்தால் செலுலோஸ் இழைகளே பாரத்தைத் தாங்குகின்றன. குறுக்கே இழுத்தால் குழாய்களுக்கு இடையிலுள்ள ஒட்டு மட்டுமே தாங்க வேண்டும். இந்த இரண்டு வலிமைகளுக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. விறகு பிளப்பவருக்கு இது ஏட்டில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமன்று. கோடாலியை நெடுக்கே போட்டால் ஒரே அடியில் பிளக்கும் கட்டை, குறுக்கே வெட்டினால் இருபது அடிக்கும் அசையாது.

நின்ற கட்டையில் செதுக்கிய உருவத்துக்கு நார்ப்போக்கு தலையிலிருந்து காலுக்கு ஓடுகிறது. அதே கட்டையிலிருந்து பக்கவாட்டில் ஒரு கையை நீட்டினால், அந்தக் கையின் நார்ப்போக்கு கையின் நீளத்துக்குக் குறுக்கே அமையும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, குட்டை நார்களை அடுத்தடுத்து வைத்து ஒட்டியது போன்ற ஒரு கை அது. விரல் அளவுக்கு மெலியும் இடத்தில் அது பிஸ்கோத்து உடைவதுபோல் உடையும். கையைத் தனிக் கட்டையில், நார் தோளிலிருந்து விரலுக்கு ஓடும்படி செதுக்கிப் பொருத்தினால் விரல் கூட உறுதியாக நிற்கும். பொருத்து என்பது உருவத்தின் பலவீனமான இடம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய நார்ப்போக்கைக் கொடுப்பதே பொருத்துதான். மூட்டு இல்லாத உருவத்தைவிட, நன்றாகப் போட்ட மூட்டுள்ள உருவத்துக்கே ஆயுள் கெட்டி.

இந்த அறிவு மிகப் பழையது. எகிப்தின் சக்காராவில் 1860இல் ஒகுஸ்த் மரியேத் கண்டெடுத்த கா-அபெர் என்பவரின் மரச்சிலை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழையது. அத்தி இன மரத்தில் செய்த அந்தச் சிலையின் கைகள் தனியே செதுக்கிப் பொருத்தியவை. இடக்கை மட்டும் இரண்டு துண்டுகள். தோண்டிய தொழிலாளர்கள் தங்கள் ஊர்த் தலைவரின் சாயல் இருப்பதைக் கண்டு அதற்கு ‘ஷேக் எல்-பெலெத்’ என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் பதினோராம் நூற்றாண்டில் ஜோச்சோ என்ற சிற்பி, பல கட்டைகளை உட்குடைந்து சேர்த்து ஒரே உருவமாக்கும் முறையை முழுமைப்படுத்தினார். அவர் செய்த அமிதாப புத்தர் 1053ஆம் ஆண்டிலிருந்து பியோதோ-இன் ஆலயத்தில் இருக்கிறது. நாராவின் தோதாய்-ஜி ஆலய வாயிலில் 1203இல் நிறுத்தப்பட்ட இரண்டு காவல் உருவங்கள் ஒவ்வொன்றும் எட்டு மீட்டருக்கு மேல் உயரம். 1988க்குப் பின் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றியபோது ஓர் உருவத்தில் ஏறக்குறைய மூவாயிரம் துண்டுகள் இருப்பது தெரிந்தது. அந்த இரண்டு உருவங்களையும் உன்கெய், கைகெய் முதலான சிற்பிகள் இரண்டு மாதத்துச் சொச்ச நாட்களில் செய்து முடித்தார்கள். பல துண்டுகளாகப் பிரித்ததால்தான் பல கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தது.

வலிமைக்கு அடுத்த சிக்கல் ஈரம். வெட்டிய பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று குழாய்களின் உள்ளே திரவமாக நிற்பது. மற்றது குழாய்ச் சுவரின் இழைகளுக்குள் ஊறியிருப்பது. முதலாவது வடிந்து காயும்வரை மரத்தின் அளவு மாறாது. ஈரம் 30 சதவீதத்தை ஒட்டி வரும்போதுதான் சுவரிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது, மரமும் சுருங்கத் தொடங்குகிறது. இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தேக்கு மரம் பச்சையிலிருந்து முழுதாகக் காய்ந்தால் ஆண்டு வளையங்களைத் தொடும் போக்கில் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிப்புறம் போகும் போக்கில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. நெடுக்கே சுருங்குவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. வளையத்தை ஒட்டிய சுருக்கமும் மையத்திலிருந்து வெளியே போகும் சுருக்கமும் ஒத்துப்போகாததால்தான், நடுத்தண்டோடு முழுக் கட்டையாகக் காயும் மரம் ஆப்பு வடிவத்தில் வெடிக்கிறது. பெரிய சொரூபங்களின் முதுகுப்புறத்தைக் குடைந்து உள்ளீடற்றதாக்கும் பழக்கம் இதற்காகவே வந்தது. நடுத்தண்டை எடுத்துவிட்டால் சுருங்கும் மரத்துக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. தூக்கிச் செல்வோருக்குப் பாரமும் குறைகிறது.

காய்ந்த மரமும் ஓய்வதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் ஈரம் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காற்றில் 65 என்றால் மரத்தில் 12. குளிரூட்டிய அறையில் காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரத்தின் ஈரம் 9 ஆகும். புத்தளம் கரையோரம் மழை குறைந்த பகுதிதான், ஆனால் காற்று வறண்டதன்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இரவில் எல்லாம் நசநசத்துக் கிடக்கும். ஆகவே திறந்த கோயிலில் அல்லது சாளரம் அடைக்காத தேவாலயத்தில் நிற்கும் உருவத்துக்கு ஆண்டு முழுவதும் ஈரம் பெரிதாக மாறுவதில்லை. சேதம் வருவது வேறு வழியாக. உள்நாட்டு மரக்காலையில் பாதி காய்ந்த பலகையை வாங்கி அவசரத்தில் செதுக்கும்போது, உருவத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேலே விளக்கைப் பொருத்தும்போது, வெயிலில் நெடுநேரம் பவனி போகும்போது, மரம் தன் பழைய ஈரத்தைச் சட்டென்று இழக்கிறது.

எவ்வளவு அசைவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெஞ்சு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்கு உருவம் 16 சதவீத ஈரத்திலிருந்து 11க்கு இறங்கினால், அகலத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறையும். அதே உருவத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையாது. தோளில் கையைச் சேர்க்கும்போது நின்ற நாரும் கிடந்த நாரும் சந்திக்கின்றன. ஒன்று அகலத்தில் சுருங்கும், மற்றது அசையாது. இரண்டையும் அசையவிடாமல் இறுக்கினால் ஏதாவதொன்று வெடித்துத்தான் ஆக வேண்டும்.

தோளில் போடும் வழக்கமான பொருத்து, கையின் மேல்முனையில் நாக்குப்போல் விட்ட கழுந்தும், தோளில் அதற்கு ஏற்ற பொளியும். வேலை எளிதென்பதால் சிலர் உருண்டைக் கழுந்தே போடுவார்கள். தமரூசியாலோ துளைகருவியாலோ தோளில் வட்டத் துளை போட்டு, கையின் முனையை உருட்டி அடித்து இறக்கினால் அன்றைக்குக் கச்சிதமாக நிற்கும். ஓராண்டு கழித்து அந்த மூட்டைத் திறந்து பார்த்தால் நடந்தது தெரியும். கழுந்து இப்போது வட்டமாக இல்லை. வளையங்களின் போக்கில் அதிகம் சுருங்கி முட்டை வடிவமாகியிருக்கும். தோளிலுள்ள துளையும் வட்டமாக இல்லை. உடலின் நார் நெடுக்கே ஓடுவதால் துளை அகலத்தில் சுருங்கி, உயரத்தில் அப்படியே நின்றிருக்கும். கழுந்து பக்கவாட்டில் நெருங்கிப் பிடிக்க, மேலும் கீழும் நூலிழை இடைவெளி விழுகிறது. கை மேலும் கீழும் ஆடத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான். கையின் பாரம் இழுப்பதும் அதே திசையில்தான்.

பாரத்தின் கணக்கும் சிறியதன்று. அறுபது சென்டிமீட்டர் நீளமும் சராசரி ஏழு சென்டிமீட்டர் தடிப்பும் கொண்ட தேக்குக் கை ஒன்றரைக் கிலோ இருக்கும். அதன் பாரமையம் தோளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கிறது. நான்கு சென்டிமீட்டர் உயரக் கழுந்து அந்தக் கையைத் தாங்கும்போது, கழுந்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் பதின்மூன்று, பதினான்கு கிலோ அழுத்தம் விழுகிறது. சும்மா நிற்கும்போதே இந்த நிலை. பவனியில் கூடு குலுங்கும்போதோ, பக்தர் ஒருவர் விரல்நுனியைப் பற்றி ஐந்து கிலோ பலத்தில் இழுக்கும்போதோ, அதே இடத்தில் நூறு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். நெம்புகோலின் நீண்ட முனையில் பிடித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. பழைய சொரூபங்களில் விரல் உடைந்ததைவிடத் தோள் ஆடுவது அதிகமாக இருப்பதற்குக் காரணம் இது. கழுந்தை அகலத்தில் குறைத்து உயரத்தில் கூட்டுவது பயன் தரும். ஆனால் உயரம் கூடக் கூடச் சுருக்கமும் கூடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் தச்சரின் கைப்பக்குவம்.

பக்குவமான வேலை எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தால் பசையைவிடக் காவிப்பொடியே முதலில் கண்ணில் படும். கழுந்தையும் கையின் தோள்முகத்தையும் செதுக்கியதும், உடலின் பக்கத்து முகத்தில் காவியை அல்லது கரியை மெல்லிதாகப் பூசுவார்கள். கையைப் பொருத்தி ஒருமுறை அழுத்தி எடுத்தால் மேடான இடங்களில் மட்டும் நிறம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிகளை உளியால் சுரண்டி, மீண்டும் பொருத்தி, மீண்டும் எடுப்பார்கள். முதலில் மூன்று நான்கு புள்ளிகள், பிறகு பத்து இருபது, கடைசியில் முகம் முழுவதும் ஒரே சீராக நிறம் பிடிக்கும். முகமும் முகமும் அப்படிப் பொருந்தினால் கையின் பாரம் கழுந்துக்குப் போகுமுன் தோள்முகத்திலேயே பெரும்பகுதி தாங்கப்பட்டுவிடும். இந்த வேலைக்கு அரைநாள் போனாலும் அது வீண் போகாத அரைநாள்.

அதன்பின் கழுந்தை முடிந்தவரை நன்கு காயவைத்து, உடலைச் சற்றே கூடுதல் ஈரத்தில் வைத்துப் பொருத்துவது ஒரு நுட்பம். கதிரை செய்வோர் காலையும் குறுக்குச் சட்டத்தையும் சேர்க்க உலகெங்கும் கையாளும் முறை இது. பொருத்தியபின் கழுந்து காற்றிலிருந்து ஈரம் வாங்கிப் பருக்கிறது, உடல் காய்ந்து துளையை இறுக்குகிறது. இன்னொரு நுட்பம், மூட்டுக்குக் குறுக்கே அடிக்கும் மரமுளை. தோளில் போட்ட முளைத்துளையும் கழுந்தில் போட்ட துளையும் நேருக்கு நேர் இல்லாமல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும்படி போடுவார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பிறகு சிறிது சுருங்கினாலும் வளைந்த முளை விசைவில் போல் இழுத்துக்கொண்டே இருக்கும். கழுந்தின் முனையைப் பிளந்து உள்ளே ஆப்பு வைத்து அடிப்பதும் உண்டு. மிக உறுதியானதுதான், ஆனால் ஒருமுறை போட்டால் கழற்றவே முடியாது. பூசைக்கும் பவனிக்கும் தலைமுறை தலைமுறையாக இருக்க வேண்டிய உருவத்துக்கு அது ஏற்றதன்று.

பசை ஒட்டாத இடமும் தெரிந்திருக்க வேண்டும். நாரை நெடுக்கே ஒட்டினால் பசை மரத்தைப்போலவே பிடிக்கும். கட்டையின் வெட்டுமுகத்தில் தடவினால் திறந்திருக்கும் குழாய்கள் பசையை உறிஞ்சிக்கொள்ளும், மேற்பரப்பில் எதுவும் மிஞ்சாது. மணிக்கட்டில் கையைச் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் வெட்டுமுகம் என்பதால் முளையில்லாமல் பசையை மட்டும் நம்பினால் கை விழும். இதற்கு ஒரு தீர்வைக் கடற்கரை ஓடாவிகள் நன்றாக அறிவார்கள். பாய்மரத்தையும் வள்ளத்தின் நீண்ட பலகையையும் ஒட்டுப்போடும்போது நேராக வெட்டாமல், தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக வெட்டிச் சேர்ப்பார்கள். சாய்ந்த முகத்தில் நாரின் பக்கம் வெளிப்படுவதால் பசை பிடிக்கிறது. அப்படிப் போட்ட ஒட்டு முழு மரத்தின் வலிமையில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. ஒடிந்த முன்கையைச் சீர்செய்ய இதைவிட நல்ல முறை கிடையாது.

ஓடாவிகளிடமிருந்து கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்தக் கரையின் பழைய வள்ளங்களில் பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். கடலலையில் பலகை அசையும், கயிறு அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். அசைய வேண்டியதை அசைய விட்டுப் பிடிக்கும் மூட்டே நீடிக்கும் என்ற அறிவு அது. அதன் மிக நுட்பமான வடிவத்தைப் பெரிய வெள்ளிக்கிழமைச் சொரூபத்தில் காணலாம்.

பெரிய வெள்ளியன்று சிலுவையில் கைவிரித்துத் தொங்கும் ஆண்டவரின் உருவத்தைக் கீழே இறக்கி, ஆசந்தியில் கிடத்திப் பவனி கொண்டு செல்வது ஈழத்துக் கத்தோலிக்கரின் நெடுங்கால வழக்கம். சிலுவையில் கைகள் கிடையாக இருக்க வேண்டும். ஆசந்தியில் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரே உருவம் இரண்டுக்கும் உதவ வேண்டுமானால் தோள் திரும்ப வேண்டும். ஐரோப்பாவில் இத்தகைய உருவங்கள் மத்திய காலத்திலேயே இருந்தன. புளோரன்சு நகரின் சாந்தா குரோசே தேவாலயத்தில் தொனாத்தெல்லோ 1408ஐ ஒட்டிச் செய்த சிலுவைநாதரின் தோள்களில் கீல்மூட்டு இருக்கிறது. ஸ்பெயினின் புர்கோஸ் பேராலயத்திலுள்ள பதினான்காம் நூற்றாண்டு உருவம் தோலால் மூடப்பட்டது, அதன் உறுப்புகள் அசையக்கூடியவை. போர்த்துக்கேயரோடும் பின்னர் கோவாவிலிருந்து வந்த குருமாரோடும் இந்த மரபு இலங்கைக் கரையை அடைந்தது.

அந்தக் கோவாக் குருமாரில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த 1705இல் இலங்கை வந்தவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர், 1742இல் போலவத்தயில் காலமானவர். ஆண்டவரின் பாடுகளைப் பற்றி அவர் தமிழில் எழுதிய வியாகுல பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வருகிறது. பாடுகளின் காட்சிகளைச் சொரூபங்களைக் கொண்டு காட்டும் பாஸ்கு மரபு இத்தகைய வாசிப்போடு சேர்ந்தே வளர்ந்தது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்தில் இந்த உருவங்களை உடக்கு என்பார்கள், ஆட்டத்தை உடக்குப் பாஸ் என்பார்கள். உடையால் மூடப்படும் பகுதி வெறும் சட்டமாக இருக்கலாம், முகமும் கையும் காலும் மட்டுமே முழுமையாகச் செதுக்கப்படும். மறைந்திருந்து இயக்குவோரின் கையில் உருவம் தலை சாய்க்கும், சிலுவை சுமக்கும், விழும். நீர்கொழும்பை அடுத்த தூவ தேவாலயத்தின் பாடுபட்ட சொரூபம் கொச்சியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பொரலெஸ்ஸவில் கே. லோரன்ஸ் பெரேரா 1923இல் மனிதரையே நடிக்கவைத்துப் பெரும் பாஸ்கு ஒன்றை உருவாக்கினார். அதன் பிறகு சொரூபப் பாஸ்குவின் இடத்தை நடிகர்கள் படிப்படியாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சிலுவையிலிருந்து இறக்கும் சடங்குக்கு மரத்தோள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தத் தோளின் இயக்கம் எளிமையானது. மேற்கையின் முனை தட்டையான நாக்காகச் செதுக்கப்பட்டுத் தோளிலுள்ள வெட்டுக்குள் நுழைகிறது. முன்னிருந்து பின்னாக ஒரு முளை அதைக் கோக்கிறது. மனிதத் தோள் எல்லாப் பக்கமும் சுழலும். இந்தத் தோளுக்குச் சிலுவையின் தளத்தில் மேலும் கீழும் திரும்பினால் போதும், ஆகவே ஓர் அச்சு மட்டும். மூட்டின்மேல் மெல்லிய தோல் ஒட்டி, சுண்ணக் களிம்பு பூசி, சதை நிறம் தீட்டினால் வெட்டு வெளியே தெரியாது. கை இறங்கும்போது தோல் அக்குளில் மடிகிறது, மனிதச் சதை மடிவதுபோலவே. இறக்கும் சடங்கைப் பார்ப்பவர்களின் நெஞ்சை உலுக்குவது அந்த மடிப்புத்தான்.

முளைக்கும் நாக்கின் நுனிக்கும் இடையே எவ்வளவு மரம் இருக்கிறது என்பதில்தான் அந்த மூட்டின் உயிர் இருக்கிறது. கை கீழே தொங்கும்போது முளை நாரை நெடுக்கே இழுக்கிறது. நுனியில் மரம் குறைவாக இருந்தால் முளைக்கு முன்னாலுள்ள துண்டு பலகைச்சீவல் போல் பெயர்ந்து வந்துவிடும். கட்டடப் பொறியியலில் வன்மரத்துக்கு முளையின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் விடச் சொல்வார்கள். பத்து மில்லிமீட்டர் முளைக்கு ஐந்து சென்டிமீட்டர். உருவத்தின் தோளில் அவ்வளவு இடம் சுலபமாகக் கிடைக்காது. மெல்லிய முளை, இருபக்கமும் செப்புத் தகடு, அல்லது நாக்கைச் சுற்றி ஒரு தோல்வார் என்று குறையை ஈடுகட்டுவார்கள். சடங்கின் முறையும் இதற்கு உதவுகிறது. உருவத்தை இறக்குவோர் அக்குளின் கீழே நீண்ட வெள்ளைத் துணியைக் கொடுத்து உடலைத் தாங்கி இறக்குகிறார்கள். முழுப்பாரமும் துணிக்குப் போகிறது, கைமூட்டுக்குத் தன் பாரம் மட்டுமே மிஞ்சுகிறது. பக்தியும் பொறியியலும் இங்கே ஒரே செயலில் சேர்ந்திருக்கின்றன.

கோயில் வாகனங்களில் பொருத்தின் நோக்கம் சற்று வேறு. குதிரை, சிங்கம், மயில் என எந்த வாகனமானாலும் உடல் பலகைகளால் கூடுபோல் கட்டப்படுகிறது. கால்கள் நெடுக்கு நார்க் கட்டைகள். மயிலின் இறக்கையும் குதிரையின் தூக்கிய முன்னங்காலும் தனித்தனியே செதுக்கப்படுகின்றன. சுவாமியின் பாரத்தைத் தண்டுமரங்களே சுமப்பதால் தூக்கிய காலுக்குத் தன் எடையைத் தவிர வேறு வேலை இல்லை. ஆனால் சுமப்போர் வாகனத்தை ஆட்டி ஆட்டி எடுக்கும்போது எல்லாப் பொருத்தும் குலுங்கும். ஆகவே பசையில்லாமல் ஆப்புச்சாவி போட்டு, திருவிழா முடிந்ததும் கழற்றிவைக்கும்படி செய்த பொருத்தே இங்கே சிறந்தது. தளர்ந்தால் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

இந்தக் கரையில் மரத்தைவிட முதலில் தோற்பது இரும்பு. உப்புக்காற்றில் வரும் குளோரைடு இரும்பாணியைத் துருவாக்குகிறது. துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தை உள்ளிருந்து பிளக்கிறது. தனின் மிகுந்த மரமானால் இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்புக் கறையும் படரும். பூச்சின்மேல் தோளைச் சுற்றி அந்தக் கறை தெரிந்தால் உள்ளே யாரோ முன்பு ஆணி அறைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தச்சர்களின் பழைய வச்சிரப் பசைக்கும் இங்கே சோதனைதான். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அது வறண்ட இடத்தில் நூற்றாண்டு தாங்கும், ஈரக்காற்றில் இளகும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வச்சிரத்தைப் பிடிப்புக்கும் மரமுளையைப் பாரத்துக்கும் நம்பியவர்களின் வேலை நின்றது. பசையை மட்டும் நம்பியவர்களின் வேலை விழுந்தது.

இன்று கை ஆடத் தொடங்கியதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். இடைவெளியில் எபொக்சியை ஊற்றி, இரண்டு இரும்புத் திருகாணி ஏற்றி, மேலே கார்ப் பட்டி தடவி, எனாமல் பூசிவிடுகிறார்கள். திருவிழாவுக்கு அழகாக இருக்கும். எபொக்சி மரத்தைவிடக் கடினமானது, மரத்தோடு சுருங்காது. மூட்டு அசைய முடியாததால் வெடிப்பு பக்கத்து மரத்துக்கு இடம் மாறுகிறது. முன்பு திறந்து சீர்செய்யக்கூடிய தோள், இப்போது அறுத்தெடுத்தாலன்றித் திறக்காத தோளாகிவிடுகிறது. வச்சிரத்துக்கு உள்ள பெரும் நன்மை, வெந்நீர் ஒற்றடத்தில் அது இளகும் என்பது. பழைய மூட்டைச் சேதமின்றித் திறந்து, தேய்ந்த கழுந்தின் மேலும் கீழும் அதே இன மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி, காவி தடவிப் பார்த்து, மீண்டும் பொருத்தலாம். அந்தச் சீவலின் நாரும் கழுந்தின் நாரோடு ஒரே போக்கில் ஓட வேண்டும்.

கோயிலோ தேவாலயமோ, பழைய மர உருவம் வைத்திருப்போர் கையில் தூரிகையை எடுக்குமுன் செய்யக்கூடியவை சில உண்டு. ஆடும் கையைத் தூக்கிப் பிடிக்கத் துணி கட்டிவையுங்கள். உதிர்ந்த துண்டு விரலளவானாலும் எறியாமல் உறையிலிட்டு, எந்த இடத்தில் உதிர்ந்ததென்று எழுதிவையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான விளக்கு வேண்டாம். புதிய உருவம் செய்விப்பதானால், அது நெடுங்காலம் நிற்கப்போகும் இடத்திலேயே அதற்கான மரத்தைச் சில மாதம் அடுக்கிவைத்துக் காயவைத்தபின் உளியை எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, இரும்பாணியோடு வருபவரைத் தவிர்த்து, வள்ளத்துக்கு ஒட்டுப்போடத் தெரிந்த ஒரு முதிய ஓடாவி ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுத் தோளைக் காட்டுங்கள்.